சொடுக்கு ஒன்றா, இரண்டா?

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது நம் நாட்டுப் பழமொழி. வாசற்படி எல்லா வீட்டுக்கும் உண்டு. ஆனால் கதவு எல்லா வீட்டிலும் ஒரே விதமாகத் திறப்பதில்லை. சில கதவுகளைத் தள்ள வேண்டும். சிலவற்றை இழுக்க வேண்டும். வேறு சிலவற்றைச் சற்றே மேலே தூக்கித் தள்ள வேண்டும். புதிதாக வந்த விருந்தாளி கதவோடு போராடுவான். திறக்கவில்லை என்றால் கதவைக் குறை சொல்ல மாட்டான். "எனக்குத் திறக்கத் தெரியவில்லை" என்று தன்னைத்தான் நொந்துகொள்வான்.

நண்பர்களே! அந்த விருந்தாளியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அவன் முன் நிற்பது மரக்கதவு அன்று. கணிப்பொறித் திரையில் சின்னஞ்சிறு படமாகத் தோன்றும் கோப்புறை. நாம் பேச்சில் 'ஃபோல்டர்' என்கிறோமே, அதுதான். கவிதையும் கதையும் நாடி இந்த மலரைப் புரட்டும் அன்பர்கள், "இதற்கும் இங்கே இடமா?" என்று கேட்கலாம். இடம் உண்டு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு முதியவரின் தொழிலும் மதிப்பும் இந்தச் சிறு கதவிலே சிக்கிக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன்.

நான் புனே நகரில் வேதியியல் முதுநிலை பயில்பவன். எங்கள் துறையில் கண்ணாடிப் பட்டறை ஒன்று உண்டு. ஆய்வுக்கு வேண்டிய குடுவைகளும் குழாய்களும் எல்லாம் கடையில் கிடைத்துவிடுவதில்லை. ஒருவருக்கு வெற்றிடத்தில் வேலை செய்ய வளைகுழாய் வேண்டும். இன்னொருவருக்குக் குடுவையின் பக்கவாட்டில் ஒரு குழாய் கூடுதலாக வேண்டும். வேறொருவர் உடைந்த கருவியை ஒட்டித் தரச் சொல்லி வருவார். போரோசிலிக்கேட் கண்ணாடியை ஆக்சிசன் கலந்த சுடரில் இளக்கி, ஊதி, வளைத்து, ஒட்டி, பிறகு ஏறக்குறைய 560 டிகிரி செல்சியசில் உலையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்றித் தருகிறார் ஒருவர். அவரை நாங்கள் 'காகா' என்று அழைக்கிறோம். பறவையை நினைத்துவிடாதீர்கள்! மராத்தியில் காகா என்றால் சிற்றப்பா.

காகாவுக்கு இப்போது வயது 58. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுடரின் முன் உழைத்த கைகள் அவருடையவை. வலக்கை விரல்கள் முன்போல் எளிதில் மடங்குவதில்லை. சிறிது நடுக்கமும் உண்டு. ஆனால் சுடரின் முன் அமர்ந்து, இரு கைகளாலும் குழாயைச் சுழற்றத் தொடங்கிவிட்டால், அந்த நடுக்கம் எங்கே போயிற்று என்று வியக்க வேண்டியிருக்கும்.

முன்பெல்லாம் மாணவர்கள் தமக்கு வேண்டியதைத் தாளில் வரைந்து கொடுப்பார்கள். காகா அந்தத் தாள்களை நீண்ட மேசையிலே பரப்பி வைத்திருப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த முறை மாறியது. பட்டறைக்கு லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி ஒன்று வந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் வரைபடங்கள். ஒழுங்கான ஏற்பாடுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆயினும் சிக்கல் வந்தது. வரைபடங்கள் காணாமற் போயின. ஓர் ஆய்வுக்கூடத்தின் கோப்புறை மற்றோர் ஆய்வுக்கூடத்தின் கோப்புறைக்குள் கிடந்தது. ஆய்வு மாணவி ஒருவர் தம் வளைகுழாய்க்காக மூன்று வாரம் காத்திருந்தார். "காகாவுக்குக் கணிப்பொறி வராது" என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு வளர்ந்து, "இந்தப் பட்டறை எதற்கு? வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாமே" என்பதுவரை சென்றது. இதைக் காட்டிலும் எனக்கு வருத்தம் தந்தது காகாவின் சொல்தான். "பாளா, இது கண்ணாடிக்குப் பழகிய கை. இந்தப் பெட்டிக்கு ஆகாது" என்றார். பாளா என்றால் 'குழந்தாய்' என்று பொருள். சொல்லிவிட்டுத் தம் வலக்கையை, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மை சிறிது நேரத்தில் விளங்கிவிட்டது.

கோப்புறையைத் திறக்க இரண்டு முறை சொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்த இரண்டு சொடுக்குக்கும் இடையே எவ்வளவு நேரம் போகலாம் என்பதைக் கணிப்பொறி கணக்கு வைத்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பட்டறைக் கணிப்பொறியில் அந்தக் கணக்கு 400 மில்லிநொடி. அதாவது அரை நொடிகூட இல்லை. காகாவின் இரண்டாம் சொடுக்கு அந்தக் காலத்துக்குள் வந்து சேரவில்லை. ஆகவே கணிப்பொறி அதை இரட்டைச் சொடுக்கு என்று ஏற்கவில்லை. தனித்தனியாக இரண்டு ஒற்றைச் சொடுக்குகள் என்றே எடுத்துக்கொண்டது. கோப்புறை திறக்கவில்லை. காகா இன்னும் அழுத்தி, இன்னும் விரைந்து சொடுக்க முயன்றார். அழுத்திய விரல் மேலெழுமுன் கை சற்றே நகர்ந்தது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பொத்தானை அழுத்தியபடியே சுட்டி 8 படப்புள்ளிகளைத் தாண்டிவிட்டால், 'இவர் இந்தக் கோப்புறையை இழுத்துச் செல்கிறார்' என்று கணிப்பொறி பொருள் கொள்கிறது. 8 புள்ளிகள் என்றால் திரையில் ஓர் அரிசியின் நீளம்கூட இல்லை! இழுபட்ட கோப்புறை பக்கத்துக் கோப்புறையின் மேல் விழுந்து, அதற்குள் போய்விட்டது. காணாமற்போன வரைபடங்களின் மர்மம் இவ்வளவுதான்.

குற்றம் எங்கே இருக்கிறது? காகாவின் கையிலா? யாரோ ஓர் இளைஞனின் கையை மனத்திற்கொண்டு வகுத்த இரண்டு எண்களிலா?

நான் ஊரில் 12-ஆம் வகுப்புப் படித்தபோது அரசு தந்த மடிக்கணிப்பொறியில் லினக்சும் இருந்தது. அன்று விளையாட்டாகத் தட்டிப் பழகியது இன்று உதவியது. பட்டறைக் கணிப்பொறியில் இருந்த கோப்பு மேலாளரின் பெயர் நீமோ. அதில் 'தொகு' என்னும் பட்டியலில் 'விருப்பங்கள்' உண்டு. அதற்குள் 'நடத்தை' என்று ஒரு பக்கம். உருப்படிகளை ஒற்றைச் சொடுக்கில் திறப்பதா, இரட்டைச் சொடுக்கில் திறப்பதா என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒற்றையைத் தேர்ந்தேன். பிறகு சுட்டிக்கான அமைப்புகளுக்குப் போய், இழுப்பதற்கான எல்லையை 8-இலிருந்து 30 ஆக உயர்த்தினேன். கணிப்பொறிக்காரர் ஒருவரையும் அழைக்கவில்லை. ஒரு காசும் செலவில்லை. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

காகா ஒரு முறை சொடுக்கினார். கோப்புறை திறந்தது. மறுபடியும் சொடுக்கினார். உள்ளே இருந்த மாதம் திறந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஆனால் அவர் முகம் முழுதும் தெளியவில்லை. வேறொரு குறை இருந்தது. ஒரு கோப்புறைக்குள் நுழைந்ததும் முந்திய கோப்புறை திரையிலிருந்து மறைந்துவிடுகிறது. அதே சாளரத்தில் புதியது வந்து உட்கார்ந்துகொள்கிறது. "நான் எங்கே இருந்து வந்தேன் என்பது தெரியவில்லையே! தாளாக இருந்தபோது இது இங்கே, அது அங்கே என்று கண் அறியும்" என்றார். நீமோவின் அதே 'நடத்தை' பக்கத்தில் 'ஒவ்வொரு கோப்புறையையும் தனிச் சாளரத்தில் திற' என்னும் பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதையும் குறியிட்டேன். இப்போது மூன்று கோப்புறைகளைத் திறந்தால் மூன்று சாளரங்கள். காகா அவற்றைத் தம் பழைய தாள்களைப் போலத் திரையிலே பரப்பி வைத்துக்கொண்டார். எனக்கோ அந்தத் திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அவருக்கு அதுதான் தெளிவு!

கற்றறிந்த நண்பர்களுக்கு இங்கே ஒரு வரலாறு சொல்ல வேண்டும். காகா கேட்டது புதுமை அன்று. அது ஒரு பழைய கொள்கை. 1984-இல் வெளிவந்த முதல் மாக்கின்டாசு கணிப்பொறியில் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனிச் சாளரம்தான். விண்டோஸ் 95-உம் அவ்வாறே திறந்தது. மேசையில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதுபோல, கோப்புறையும் விட்ட இடத்தில், விட்ட அளவில் இருக்க வேண்டும் என்பது அக்கொள்கை. லினக்ஸ் உலகில் பலர் பயன்படுத்தும் க்னோம் மேசைத்தளம், 2004 மார்ச்சில் வந்த 2.6 பதிப்பில், தன் நாட்டிலஸ் என்னும் கோப்பு மேலாளரை இந்த முறைக்கு மாற்றியது. எத்தனையோ பேருக்கு அது பிடிக்கவில்லை. ஆழமான கோப்புறை ஒன்றை அடைவதற்குள் திரை முழுதும் சாளரங்கள் குவிந்துவிட்டன என்று முறையிட்டார்கள். பழைய வழிக்குத் திரும்பும் வசதியோ அந்தப் பதிப்பில் விருப்பப் பட்டியலில் இல்லை. எளிதில் கண்ணுக்குப் படாத ஓர் அமைப்புக் களஞ்சியத்தின் ஆழத்தில் இருந்தது. பிற்பாடுதான் விருப்பப் பட்டியலுக்கு வந்தது. இறுதியில் 2010 மார்ச்சில் வந்த 2.30 பதிப்பில், ஒரே சாளரத்தில் திறக்கும் முறையே மீண்டும் இயல்புநிலை ஆயிற்று. நாட்டிலசிலிருந்து 2012-இல் கிளைத்ததுதான் நீமோ. ழூல் வெர்ன் எழுதிய கடற்கதையில் நாட்டிலஸ் என்பது நீர்மூழ்கிக் கப்பல். அதன் தலைவன் பெயர் நீமோ.

சொடுக்கின் கதையும் இப்படித்தான். லினக்சின் மற்றொரு பெரிய மேசைத்தளமான கே.டி.இ. நெடுங்காலம் ஒற்றைச் சொடுக்கிலேயே கோப்புறைகளைத் திறந்துவந்தது. 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தபோது அங்கே இரட்டைச் சொடுக்கு இயல்புநிலை ஆயிற்று. ஆயினும் ஒற்றையே வேண்டும் என்பவர்க்கு அந்த விருப்பத்தை அவர்கள் நீக்கிவிடவில்லை. அமைப்புகளில் இன்றும் இருக்கிறது.

'இயல்புநிலை' என்று இருமுறை எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கணிப்பொறி தானே கைக்கொள்ளும் அமைப்பை நம்மவர்கள் இயல்புநிலை என்று அழகாகப் பெயரிட்டார்கள். அழகான சொல், ஆனால் சற்றே ஏமாற்றும் சொல். இயல்பு என்றால் தானாக அமைந்தது என்றல்லவா பொருள்? நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது இயல்பு. நெருப்புச் சுடுவது இயல்பு. இரண்டு முறை சொடுக்கினால்தான் கோப்புறை திறக்கும் என்பது இயல்பா? அன்று. யாரோ சிலர் ஒருநாள் கூடி அமர்ந்து எடுத்த முடிவு. 2004-இல் ஒரு முடிவு. 2010-இல் மறு முடிவு. இயல்பு ஆறு ஆண்டில் மாறுமா? மாறியது என்றால் அது இயல்பு அன்று, ஏற்பாடு.

ஏற்பாடு செய்தவர்களைக் குறை கூறுவதும் நேர்மை ஆகாது. ஏதேனும் ஒரு முடிவை அவர்கள் எடுத்தே ஆக வேண்டும். 400 என்று வைத்தால் மெதுவான கைக்குத் துன்பம். 1000 என்று வைத்தால் விரைவான கைக்கு வேறு துன்பம். ஒற்றைச் சொடுக்கிலும் ஓர் இடர் உண்டு: கோப்பைத் திறக்காமல் தேர்ந்தெடுக்க மட்டும் வேண்டுமானால், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்க வேண்டும். எல்லார்க்கும் பொருந்தும் ஒரு முடிவு உலகத்தில் இல்லை. ஆகவே நல்ல தச்சனின் பெருமை, கதவை எப்படி மாட்டினான் என்பதில் மட்டும் இல்லை. வேண்டியவர் கழற்றி மாற்றி மாட்டிக்கொள்ளத் திருகாணிகளை வெளியே தெரியுமாறு வைத்தானா என்பதிலும் இருக்கிறது.

மாற்றும் உரிமை நமக்கு உண்டு என்றால், பிறர் வசதியைக் கெடுக்காத கடமையும் உண்டு. பட்டறைக் கணிப்பொறியைக் காகா மட்டுமா தொடுகிறார்? மாணவர்களும் தொடுகிறார்கள். ஆகவே துறையின் பொறுப்பாளரிடம் கேட்டுக் காகாவின் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கச் செய்தோம். இத்தகைய அமைப்புகள் அவரவர் கணக்கோடு நிற்பவை. காகா நுழைந்தால் ஒரு சொடுக்கு. நான் நுழைந்தால் இரு சொடுக்கு. ஒரே பெட்டி, இரண்டு வழக்கம், சண்டை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் விடுதி நண்பர்களுக்குப் பயன்படும். எத்தனை சொடுக்கில், எந்தச் சாளரத்தில் என்பதுபோல, எந்த நிரல் கோப்புறையைத் திறப்பது என்பதும் ஓர் ஏற்பாடுதான். சென்ற பருவத்தில் திருநெல்வேலித் தம்பி ஒருவன் என் அறைக்கு ஓடி வந்தான். "அண்ணா, என் லேப்டாப் கெட்டுப் போச்சு! எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் புரோகிராம் எழுதுற சாஃப்ட்வேர்தான் திறக்குது" என்றான். கெட்டுப் போகவில்லை. புதிதாக நிறுவிய நிரல் ஒன்று, கோப்புறைகளைத் திறக்கும் வேலையையும் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தது. கோப்புறையின் மேல் வலச்சொடுக்குச் செய்து, 'பண்புகள்' பகுதியில் 'இதனால் திற' என்னும் பக்கத்தில் கோப்பு மேலாளரைத் தேர்ந்து, அதையே இயல்புநிலை ஆக்கினோம். முடிந்தது. அந்தத் தம்பியும் வரும்போது, "எனக்கு லினக்ஸ் எல்லாம் ஒத்து வராதுண்ணா" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தான்.

காகாவின் "ஆகாது", தம்பியின் "ஒத்து வராது". இரண்டும் ஒரே சொல்தான். இந்தச் சொல்லை நம் மன்றத்துக்கு ஆண்டுதோறும் புதிதாக வருபவர் வாயில் எத்தனை முறை கேட்கிறோம்! "எனக்கு ஆங்கிலம் வராது, வகுப்பில் வாய் திறக்க மாட்டேன்." "எனக்கு இந்தி வராது. அலுவலகத்துக்கு நீங்களே வாருங்கள்." "கருத்தரங்கில் கேள்வி கேட்க எனக்கு வராது." வராது, வராது என்று ஊர் விட்டு வந்த ஒவ்வொருவனும் தன்னைத்தான் அளந்து குறைத்துக்கொள்கிறான். படிக்க வேண்டியதைப் படிக்கத்தான் வேண்டும். பழக வேண்டியதைப் பழகத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "வராது" என்று தீர்ப்புச் சொல்லும் முன், ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? 'இது என் குறையா? அல்லது என்னைப் போன்ற ஒருவனை நினையாமல் செய்த ஏற்பாடா?' குறை என்றால் திருத்திக்கொள்வோம். ஏற்பாடு என்றால் அதை மாற்றும் இடம் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். தேடத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்போம். கேட்பதற்குத்தானே மன்றம்!

அறிவியல் பயிலும் நண்பர்களுக்கு இன்னும் ஒரு சொல். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி தவறான அளவைக் காட்டினால், நாம் உடனே "பொருள் தவறு" என்று சொல்வதில்லை. கருவியைச் சரிபார்க்கிறோம், அதன் தொடக்க அமைப்பு என்ன என்று பார்க்கிறோம். குடுவையில் இருக்கும் திரவத்துக்கு நாம் காட்டும் இந்த நீதியை, குடுவையைச் செய்து தரும் மனிதருக்குக் காட்ட வேண்டாமா? இரண்டு ஆண்டுகளாகக் காகாவின் கையைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அந்தக் கை சொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது காகா தம் கோப்புறைகளைத் தாமே திறக்கிறார். வரைபடங்கள் காணாமற் போவதில்லை. அந்த ஆய்வு மாணவியின் வளைகுழாய் மறு வாரமே கைக்கு வந்தது. வெளியே கொடுத்துச் செய்யலாம் என்னும் பேச்சு முற்றிலும் ஓய்ந்துவிட்டதா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பணத்தையும் ஆளையும் பற்றிய கணக்குகள் ஒரு சொடுக்கில் தீர்பவை அல்ல. ஆனால் அந்தப் பேச்சுக்கு இனிக் காகாவின் கை காரணமாகாது. அவர் ஓய்வு பெறுமுன் இளைஞர் ஒருவருக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்று துறையில் கேட்டிருக்கிறார். கற்க வருபவருக்குக் கணிப்பொறியையும் தாமே காட்டித் தருவதாகச் சொல்கிறார்!

ஆகவே, நண்பர்களே, இன்று இரவு உங்கள் கணிப்பொறியைத் திறந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கோப்பு மேலாளரின் விருப்பங்களுக்குள் ஒரு முறை சென்று பாருங்கள். ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் கைக்கு இப்போதுள்ளதே பொருந்தினால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் மாற்றக்கூடியது என்பதை அறிந்து வையுங்கள். நாளை உங்கள் ஆய்வுக்கூடத்திலோ, ஊரில் உங்கள் வீட்டிலோ, ஒருவர் "எனக்கு இது வராது" என்று சொல்லும்போது அந்த அறிவு பயன்படும். அவருக்குப் புத்தி சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்; அவர் கையைப் பாருங்கள்.